வாசகர் கேள்வி பதில்: லங்காவியில் ஒரு பழைய கற்றமரான்

கேள்வி: வணிகக் கப்பல்களில் 26 ஆண்டுகள் பொறியியலாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மலேசியாவின் லங்காவித் தீவில் விற்பனைக்குள்ள, 2009ஆம் ஆண்டு கட்டப்பட்ட 40 அடி பாய்க் கற்றமரான் (இரட்டை உடல் பாய்ப்படகு) ஒன்றைத் தம்பியுடன் சேர்ந்து வாங்கி, நாங்களே செலுத்திக்கொண்டு இலங்கையின் காலி நகருக்கு வர எண்ணியுள்ளோம். முதல் சில ஆண்டுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு ஓடிய படகு. படங்களில் புதிது போலவே தெரிகிறது. விலையில் 10 வீதத்தை உடனே முற்பணமாகக் கட்டும்படி கேட்கிறார்கள். கட்டலாமா?
வெள்ளவத்தை வாசகர்

பதில்: 10 வீத முற்பணம் இத்தொழிலில் வழமையானதுதான். ஆயினும் அப்பணம் விற்பவரின் சொந்தக் கணக்குக்குப் போகக்கூடாது. தரகரின் வாடிக்கையாளர் கணக்கில் வைக்கப்பட வேண்டும். படகைக் கரையேற்றிச் செய்யும் பரிசோதனையும் கடலோட்டமும் உங்களுக்குத் திருப்தியளிக்காவிடின் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில் ஒரு சதமும் அனுப்பாதீர்கள். படகைப் பரிசோதிக்கும் மரைன் சேர்வேயரை நீங்களே தேடிப் பிடியுங்கள். விற்பவர் சிபாரிசு செய்பவர் எத்தனை நல்லவராயினும் வேண்டாம்.

படங்களை நம்பவேண்டாம் என்று நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் நண்பர் ஒருவருக்காக இதேபோன்ற படகொன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கூடத்தில் மெத்தையுறைகள் புதியவை. மேசை வார்னிஷில் முகம் தெரிந்தது. எங்களுடன் வந்த சேர்வேயர் அவற்றை ஏறெடுத்தும் பாராமல், முன்னறைக் கட்டிலின் மெத்தையைத் தூக்கி, அடிப்பலகையைக் கழற்றி, கைவிளக்குடன் தலையை உள்ளே நுழைத்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். குறுக்குச் சுவரைப் படகின் உடலோடு பிணைக்கும் பைபர் பட்டை, என் விரல் நகம் நுழையுமளவுக்கு விட்டுப்போயிருந்தது. பிளவின் விளிம்பில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. விற்பனை விளம்பரத்தில் இதைப்பற்றி ஒரு சொல்கூட இருக்கவில்லை. நண்பர் அப்படகை வாங்கவில்லை.

கற்றமரானில் இரண்டு உடல்களும் ஒரே நேரத்தில் வெவ்வேறு அலைகளின் மீது ஏறி இறங்குகின்றன. அதனால் உண்டாகும் முறுக்கு விசையைக் குறுக்குச் சுவர்களும் முன்புறக் குறுக்குத் தண்டுமே தாங்குகின்றன. போதாததற்குப் பாய்மரமும் இரு உடல்களுக்கும் நடுவே, அவற்றை இணைக்கும், அடியில் கீல் (படகின் அடியில் நீளும் கனத்த பாரம்) இல்லாத பாலத்தளத்தின் மீது நிற்பதால், அதன் அழுத்தமும் பிரதான குறுக்குச் சுவருக்கே வருகிறது. ஆகவே பணத்தைப் பற்றி யோசிக்குமுன் அந்தச் சுவர்களைப் பாருங்கள். அடுத்தது மேல்தளம். பல படகுகளில் இரண்டு பைபர் அடுக்குகளுக்கு நடுவே பல்சா எனும் இலேசான மரம் வைக்கப்பட்டிருக்கும். கப்பிகளையும் கம்பங்களையும் பொருத்திய ஆணித் துளைகளினூடே நீர் இறங்கினால் அது உக்கிவிடும். சிறு பிளாஸ்ரிக் சுத்தியலால் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் ‘டக்’ என்று கணீரென ஒலிக்கும். உக்கிய இடம் ‘தொப்’ என்று அடங்கிப்போகும். இதைக் கேட்கப் பயின்ற காது தேவையில்லை, பொறுமைதான் தேவை.

டீசல் இயந்திரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பெரிய கப்பல்களில் நீங்கள் கண்டிராத ஒன்று செயில் டிரைவ். படகின் அடித்தளத்தில் ஒரு பெரிய துளையிட்டு, அதனூடே உந்துகாலை (உந்துவிசிறியைச் சுமக்கும் கால்) இறக்கி, சுற்றிலும் ரப்பர் சவ்வொன்றால் நீரைத் தடுத்திருப்பார்கள். வொல்வோ பென்டா இயந்திரமாயின் அச்சவ்வை 7 ஆண்டுகளுக்கொருமுறை மாற்றவேண்டும் என்பது உற்பத்தியாளரின் அறிவுறுத்தல். மாற்றியதற்கான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். பாய்மரத்தைத் தாங்கும் உருக்குக் கம்பிகளின் வயதையும் அவ்வாறே விசாரியுங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும், 10 முதல் 12 ஆண்டுகளைத் தாண்டியவற்றை மாற்றாமல் காப்புறுதி வழங்கத் தயங்கும் நிறுவனங்கள் பல. கேட்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையேனும் இத்தகைய வேலைகளுக்கெனத் தனியே ஒதுக்கி வைக்க முடியாவிட்டால், இதைவிடச் சிறிய படகைத் தேடுவதே நல்லது என்பது என் கருத்து.

லங்காவியிலிருந்து காலிக்குச் சுமார் 1,200 கடல்மைல். வடகீழ்ப் பருவக்காற்று நிலைபெற்ற ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில் புறப்பட்டால் காற்று பெரும்பாலும் பின்புறமாக வீசும்; நாளொன்றுக்கு 150 மைல் ஓடினால் ஏழெட்டு நாட்களில் சேரலாம். இலங்கையின் தென்கோடியான தெவுந்தர முனைக்குத் தெற்கே பெருங்கப்பல்கள் வரிசையாகச் செல்லும் பாதை இருப்பதால், அங்கே இரவுக் காவலுக்கு இருவரும் விழித்திருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்குமுன் படகைத் திருகோணமலைக்கு மாற்றிவிடுவது உத்தமம். படகின் அகலம் 6 முதல் 7 மீற்றர் வரை இருக்குமாதலால், இங்கு அதைக் கரையேற்றக்கூடிய இடம் எதுவென்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

கேள்வி: அப்படகை இலங்கைக் கொடியின் கீழ் பதியவும் பணம் அனுப்பவும் என்ன செய்யவேண்டும்?
அதே வாசகர்

பதில்: பதிவு 1971ஆம் ஆண்டின் 52ஆம் இலக்க வணிகக் கப்பற்றுறைச் சட்டத்தின் கீழ் வருகிறது, கொழும்பிலுள்ள வணிகக் கப்பற்றுறைச் செயலகத்தை அணுகுங்கள். விற்பனைப் பத்திரம், பழைய பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதற்கான சான்றிதழ், அடமானம் ஏதுமில்லை என்பதற்கான உறுதி ஆகிய மூன்றும் கைக்கு வராமல் மீதிப்பணத்தை விடுவிக்கக்கூடாது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட்டதாகையால், முற்பணத்துக்கு முன்னரே உங்கள் வங்கியுடன் பேசுங்கள். இறக்குமதித் தீர்வையைச் சுங்கத் திணைக்களத்திடம் எழுத்திலேயே கேட்டுப் பெறுங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி இவ்வளவு பெரிய தொகையைச் செலவிடக்கூடாது.

கேள்வி: கற்றமரான் கவிழாது என்கிறார்களே, உண்மையா?
கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: அகலம் அதிகமாகையால் எளிதில் கவிழாது, ஆனால் கவிழ்ந்தால் தானாக நிமிராது. ஒற்றை உடல் பாய்ப்படகைச் சாய்விலிருந்து நிமிர்த்துவது அதன் கனத்த கீல். கற்றமரானில் அத்தகைய பாரம் இல்லை. மேலும், காற்று மிஞ்சும்போது ஒற்றை உடல் படகு சாய்ந்து எச்சரிக்கும்; இது சாயாமல் வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போகும். ஆகவே பாயைச் சுருக்கும் நேரத்தை உடலின் உணர்வுக்கு விடாமல், காற்றுமானியைப் பார்த்து, கட்டியவர் தந்த அட்டவணையின்படி, சராசரிக் காற்றுக்கன்றி, திடீரென ஓங்கும் வீச்சுக் காற்றுக்கே கணக்கிட்டு முடிவு செய்யவேண்டும். இருள் சூழுமுன் ஒரு படி கூடுதலாகச் சுருக்கிவிடுவதே நெடுங்கடல் ஓடிகளின் வழக்கம்.