சர்க்கரை மிஷின் போல வாதத்துக்கும் ஒன்று உண்டா?

முடக்குவாதம் (சரவாங்கி என்பதும் இதுதான்) பற்றிப் போன மாதம் எழுதியதற்கு வந்த கேள்விகளில் சிலவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மீதி அடுத்த முறை.

எனக்கு ஐந்து வருடமாகச் சரவாங்கி. சர்க்கரைக்கு விரலில் குத்திப் பார்ப்பது போல இதற்கும் வீட்டில் வைத்துக்கொள்ள மிஷின் கிடையாதா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாண்டிக்கு பஸ் ஏற முடியவில்லை. (திருப்பாதிரிப்புலியூர் வாசகி)

சர்க்கரை மிஷினும் ஒரு பயோசென்சர்தான் அம்மா, அதாவது நொதி போன்ற உயிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் கருவி. அதன் மூலக்கருத்தை கிளார்க், லயன்ஸ் என்ற இருவர் 1962லேயே சொல்லிவிட்டார்கள். ஸ்ட்ரிப் நுனியில் பூசிய நொதி சர்க்கரையைச் சிதைக்கும்போது எலக்ட்ரான்கள் கிளம்பும். அந்த மின்னோட்டத்தைத்தான் மிஷின் எண்ணாகக் காட்டுகிறது. ஒரு லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய ஒரு கிராம் சர்க்கரை இருப்பதால் பிடிப்பது சுலபம்.

சரவாங்கியில் தேடுவது ஆன்டி சி.சி.பி. போன்ற, உடம்பின் சொந்தப் புரதங்களையே எதிர்க்கும் எதிர்ப்பொருளை. ரத்தத்தில் எல்லா வகையும் சேர்த்து லிட்டருக்குப் பத்து கிராம் அளவுக்கு எதிர்ப்பொருள்கள் நீந்துகின்றன, நாம் தேடுவது அதில் மிகச் சிறு பங்குதான். மீன் மார்க்கெட் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளைத் தேடுகிற கதைதான். சென்சரின் தங்கத் தகட்டில் சிட்ருலின் (அந்த எதிர்ப்பொருள் குறிவைக்கும் அமினோ அமிலம்) உள்ள புரதத் துண்டைத் தூண்டில் இரையாக ஒட்டிவைக்கிறார்கள். நாம் தேடும் ஆள் வந்து கவ்வும். கூடவே சம்பந்தமில்லாத புரதங்களும் வந்து அப்பிக்கொள்ளும், அதுதான் பெரிய தலைவலி. கவ்வியது லேசில் விடுவதும் இல்லை என்பதால், தோலில் ஒட்டிவைத்து நாள் முழுக்க அளக்கும் பட்டையாகவும் இதைச் செய்வது கடினம்.

சரி, அப்படி ஒரு மிஷின் வந்தே விட்டாலும் தினமும் பார்த்து என்ன பயன்? இந்த எதிர்ப்பொருள் பாதியாகக் குறையவே சுமார் மூன்று வாரம் ஆகும். இன்று வலி கூடியதா என்பது அதில் தெரியாது. ஒருமுறை பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் திரும்பத் திரும்பப் பார்ப்பது பெரும்பாலும் வீண் செலவு. உடம்பில் அழற்சி கூடும்போது ஏறும் சி.ஆர்.பி. என்ற புரதம் அப்படியல்ல, ஒரு நாளுக்குள் பாதியாக இறங்கக்கூடியது. வீட்டுக்கு ஒரு சென்சர் வருமானால் அதற்குத்தான் வர வேண்டும் என்பது என் கட்சி.

பஸ் பயணத்துக்கு வருவோம். டாக்டர் உங்கள் மூட்டுகளை அழுத்திப் பார்ப்பதும், மெத்தோட்ரெக்சேட் என்ற வாத மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கல்லீரலும் ரத்த அணுக்களும் சரியாக இருக்கின்றனவா என்று கவனிப்பதும்தான் அந்தப் பயணத்தின் காரியம். ரத்தத்தைக் கடலூரிலேயே கொடுத்து ரிப்போர்ட்டோடு போகலாமா என்று கேளுங்கள், காத்திருக்கும் நேரமாவது மிச்சமாகும்.

தைராய்டு அதிகமாகச் சுரப்பதாக ரிப்போர்ட் வந்திருக்கிறது. படபடப்பு, எடை குறைவு எதுவும் இல்லை. முடி கொட்டுவதற்கு மட்டும் மாத்திரை சாப்பிடுகிறேன். (முத்தியால்பேட்டை)

அந்த மாத்திரையின் பெயரைப் பாருங்கள், பயோட்டின் என்ற வைட்டமினாக இருக்கும். சில வருடங்களுக்கு முன் என்னையும் இது ஏமாற்றியது. ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். தரையில், தைராய்டு சுரக்கும் டி4 உச்சத்தில். இரண்டு முறை ஓட்டியும் அதே எண். "வேறு ஏதாவது சாப்பிடுகிறாயா?" என்று கேட்டதற்கு, அந்தப் பெண் கைப்பையிலிருந்து பாதி காலியான டப்பாவை எடுத்து நீட்டினாள். ஒரு மாத்திரையில் 10 மில்லிகிராம். உடம்புக்கு ஒரு நாளைக்கு வேண்டியதோ 30 மைக்ரோகிராம்!

பல லேப் கருவிகள் உள்ளே பயோட்டினையே பசையாகப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் பசை ஏமாந்துபோகும். டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 கூடுதலாகவும் தெரியும். தைராய்டை அதிகமாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோய்க்கான எதிர்ப்பொருள்கூடப் பொய்யாக உயரலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017ல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. டாக்டரிடம் சொல்லிவிட்டு, குறைந்தது இரண்டு நாள் நிறுத்தி, மறுபடி ரத்தம் கொடுங்கள். அதுவரை தைராய்டு மாத்திரை எதையும் தொடங்க வேண்டாம்.

சிக்குன்குனியா வந்து நான்கு மாதம். மூட்டுவலி போகவில்லை, ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ். எனக்கும் முடக்குவாதமா? (நெல்லிக்குப்பம்)

பெயரில் ஆர்.ஏ. (முடக்குவாதத்தின் ஆங்கிலச் சுருக்கம்) இருப்பதுதான் வம்பு. காசநோய், ஹெபடைட்டிஸ் சி, ஏன், வெறும் முதுமையிலும் அது பாசிட்டிவ் ஆகலாம். சிக்குன்குனியா வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் புதிதல்ல. ஆன்டி சி.சி.பி. பாருங்கள், அது இதைவிட நம்பகமானது. அது நெகட்டிவ் என்றாலும், காலையில் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தாலோ மூட்டு வீங்கியிருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். ஜிப்மரில் இதற்கென்றே மருத்துவ நோயெதிர்ப்பியல் துறை இருக்கிறது.

ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ். பயமாக இருக்கிறது.

ஏ.என்.ஏ. என்பது சொந்த அணுக்களின் உட்கருவை எதிர்க்கும் எதிர்ப்பொருளுக்கான சோதனை. நோயே இல்லாதவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இப்படி வரும். தொந்தரவு எதுவும் இல்லையென்றால் தூங்குங்கள்.

கோதுமை ஒவ்வாமைக்கு விரல்நுனி ரத்தத்தில் பார்க்கும் பட்டை இருக்கிறதாமே? நான் மூன்று மாதமாகச் சப்பாத்தியை நிறுத்திவிட்டேன். (வில்லியனூர்)

நீங்கள் சொல்வது சீலியாக் (கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும்) நோய்க்கானது, அதில் உண்டாகும் டி.டி.ஜி. எதிர்ப்பொருளைப் பார்க்கும் பட்டை. கோதுமையை நிறுத்தினால் அந்த எதிர்ப்பொருளும் மெல்ல இறங்கிவிடும், நோய் இருந்தும் ‘இல்லை’ என்று பட்டை காட்டும். டாக்டர் சரி என்றால் சில வாரம் மறுபடி சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு அப்புறம் பாருங்கள். பரோட்டாவும் ரவா உப்புமாவும் கணக்கில் சேரும்.