கத்திச் சண்டையும் குதிக்கிற பேயும்: உங்க கேள்வி, நம்ம பதில்

கேள்வி: அண்ணே, நீங்க எழுதினீங்களேன்னு 1966ல வந்த ஹாங்காங் கத்திப்படம் 'கம் டிரிங்க் வித் மீ' பார்த்தேன். ரத்தம் பெயிண்ட் மாதிரி இருக்கு, செட்டு அப்பட்டமா செட்டுன்னு தெரியுது, கடைசியில கையில இருந்து புகை வேற வருது. இதைப் போய் கிளாசிக்குங்கிறீங்க? (ஈசூன் வாசகர்)

பதில்: கோவிச்சுக்காதீங்க தம்பி, பார்க்க வேண்டியதை விட்டுட்டு பெயிண்ட்டைப் பார்த்திருக்கீங்க. அந்த சத்திரத்து சீனை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்க. செங் பெய்-பெய் ஆம்பள வேஷத்துல தனியா வந்து உட்கார்றாங்க, சுத்தி பூரா கொள்ளைக்கூட்டம், சண்டை வரப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியும் ஆனா ஒருத்தரும் அவசரப்படல, ஒரு பார்வை, ஒரு நகர்வு, ஒரு நிறுத்தம், திடீர்னு ஒரு அடி, மறுபடி நிறுத்தம். டைரக்டர் கிங் ஹூவுக்கு குங்ஃபூ எல்லாம் தெரியாது, அவருக்குத் தெரிஞ்சது பீக்கிங் ஓபராங்கிற சீனக் கூத்து, அந்தத் தாளம்தான் சண்டைக்குள்ள ஓடுது, கூத்துல மத்தளத்துக்கு அடி வைப்பாங்களே அதே கணக்கு. செங் பெய்-பெய்யையும் டான்ஸ் தெரிஞ்சவங்கன்னுதான் எடுத்தார். இதே அம்மாதான் 2000ல 'க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்'ல ஜேட் ஃபாக்ஸுங்கிற வில்லியா வந்து மிரட்டினவங்க, 2024ல காலமாயிட்டாங்க.

கைப்புகை எனக்கும் பிடிக்காது, அங்க படம் சறுக்குதுதான். ஆனா செட்டு செட்டா தெரியுதுங்கிறதெல்லாம் குறையே இல்ல, நிஜம் மாதிரி இருப்பேன்னு அந்தப் படம் உங்களுக்கு வாக்கு குடுக்கவே இல்லையே? சண்டையை ஆட்டமா காட்டுறேன்னுதான் குடுத்துச்சு, அதைக் காப்பாத்துச்சான்னு பாருங்க. பிடிச்சிருந்தா அடுத்து அதே ஆளோட 'எ டச் ஆஃப் ஸென்', மூணு மணி நேரப் படம், முதல் சண்டைக்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் காத்திருக்கணும், போனை வேற ரூம்ல வச்சுட்டு உட்காருங்க. அந்த மூங்கில் காட்டு சண்டை முடிஞ்சதும் எனக்கு எழுதுங்க, பேசுவோம்.

கேள்வி: இந்தப் பழைய குங்ஃபூ படத்துல எல்லாம் வர்ற ஷா பிரதர்ஸ், நம்ம சிங்கப்பூர் ஷா தியேட்டர்காரங்களா சார்? (தோ பாயோ வாசகி)

பதில்: அவங்களேதான்க்கா! 1920கள்ல ரன்மீ ஷா ஷாங்காய்ல இருந்து இங்க வந்தார், தம்பி ரன் ரன் ஷா பின்னாடியே வந்தார், ரெண்டு பேருமா சிங்கப்பூர் மலாயா பூரா தியேட்டர் பிடிச்சு, ஜாலான் அம்பாஸ்ல மலாய் பட ஸ்டுடியோவும் நடத்தினாங்க, மலாய் நடிகர் பி. ராம்லி வளர்ந்த இடம் அதுதான். 1950கள் கடைசியில ரன் ரன் ஷா ஹாங்காங்குக்குப் போய் கிளியர்வாட்டர் பேயில பெரிய ஸ்டுடியோ கட்டினார், நாம பார்க்கிற கத்திப்படம் குங்ஃபூ படம் ஏகப்பட்டது அங்க எடுத்ததுதான். அவங்களுக்குப் போட்டி கேத்தே, அதுவும் நம்ம ஊர் கம்பெனி. அதோட முதலாளி லோக் வான் தோ 1964ல தைவான்ல விமான விபத்துல போயிட்டார். அவர் மட்டும் இருந்திருந்தா ஹாங்காங் சினிமா கத்திக்கு இவ்வளவு சீக்கிரம் மாறியிருக்காதோன்னு எனக்கு ஒரு நினைப்பு உண்டு, ஏன்னா கேத்தேக்கு கைவந்தது மியூசிக்கலும் காமெடியும் குடும்பக் கதையும்.

இதுல நம்மாளுங்க கதை ஒண்ணு இருக்கு, யாரும் பெருசா பேசுறதில்ல. அந்தக் காலத்து மலாய் படங்களை இயக்கினவங்கள்ல பல பேர் இந்தியாவுல இருந்து வந்தவங்க, பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எல். கிருஷ்ணன், பனி மஜும்தார்னு. 1957ல கேத்தே-கெரிஸ் எடுத்த 'பொந்தியானாக்' பேய்ப்படம், மரியா மெனாடோ நடிச்சது, செம்ம ஓட்டம் ஓடின படம், அதை இயக்கின பி.என். ராவ் அதுக்கு முன்னாடி 1939ல தமிழ்ல 'ரம்பையின் காதல்' எடுத்தவர்! அந்த முதல் 'பொந்தியானாக்' படத்தோட பிரிண்ட் தொலைஞ்சு போச்சு, வயித்தெரிச்சல். 1958ல வந்த 'சும்பா பொந்தியானாக்' இருக்கு. கேனிங் ரைஸ்ல ஓல்டம் தியேட்டர்ல ஏஷியன் ஃபிலிம் ஆர்க்கைவ்காரங்க பழைய படங்களைத் திரையில போடுறாங்க, ஒரு கண்ணு வச்சுக்குங்க.

கேள்வி: ஹாங்காங் படம் இங்க தியேட்டர்ல ஏன் மாண்டரின்ல பேசுது? (செங்காங் வாசகர்)

பதில்: 1979ல நம்ம அரசாங்கத்தோட மாண்டரின் பேசு இயக்கம் வந்த காலத்துல இருந்து இருக்கிற மொழிக் கொள்கை, அதான் ஹாங்காங்காரங்க பேசுற காண்டனீஸ்ல எடுத்த படத்துக்குப் பெரும்பாலும் டப்பிங். 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' மாதிரி படத்துல இது பெரிய நஷ்டம், டோனி லியுங் முணுமுணுக்கிற குரல்லதான் பாதி நடிப்பே இருக்கு, அதை எடுத்துட்டு வேற ஆள் குரலை வச்சா என்ன மிச்சம்? வீட்ல பார்க்கும்போது ஆடியோவை காண்டனீஸுக்கு மாத்துங்க. ஆனா எல்லாப் பழைய படத்துக்கும் இதே மாதிரி மாத்தப் போயிடாதீங்க, அறுபதுகள்ல ஷா எடுத்த கத்திப்படம் எல்லாம் முதல்லயே மாண்டரின்தான்.

கேள்வி: கொரியப் பேய்ப்படம் 'எக்ஸ்ஹுமா' பார்த்துட்டு என் வீட்டுக்காரர் ரெண்டாவது பாதி கண்றாவிங்கிறார், எனக்கு முழுசா பிடிச்சது. யார் சொல்றது சரி? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: குடும்பத்துல கலகம் வேணாம், ஆனா நான் உங்க வீட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் சாயுறேன். முன்னோர் கல்லறை சரியில்லாததால பொறந்த குழந்தைக்கு ஆகலை, அதைத் தோண்டி மாத்தணும், இந்தக் கதையை நமக்கு யாரும் விளக்கவே வேண்டாம், குலதெய்வம் பித்ரு தோஷம்னு கேட்டு வளர்ந்த ஆளுங்க நாம. கிம் கோ-யுன் பூசாரியா ஆடுற அந்தச் சடங்கு சீன் இருக்கே, 2024ல நான் தியேட்டர்ல பார்த்ததுலயே அதுதான் பெஸ்ட்டு. மண்ணைக் கையில எடுத்துப் பார்த்தே, கல்லறைக்கு இடம் பார்க்கிறவரா வர்ற சோய் மின்-சிக் முகம் மாறுறதும் அப்படித்தான். ஆனா ரெண்டாவது பாதியில ஜப்பான் ஆட்சிக் காலத்துக் கணக்கு ஒண்ணு உள்ள வருது, அந்த ஐடியா நல்ல ஐடியா, கொரியாக்காரங்களுக்கு அது ஆறாத புண்ணு, ஆனா அதுக்காக ஒரு பெரிய உருவத்தை முழுசா நம்ம முன்னாடி கொண்டு வந்து நிறுத்திட்டாங்க. காட்டாம பயமுறுத்துவேன்னு ஆரம்பிச்ச படம், காட்டினதும் பயம் போச்சு. 2016ல வந்த 'தி வெய்லிங்' பாருங்க, பேய் யாருன்னு கடைசி வரைக்கும் நம்மளை அடிச்சுக்க விடும், அதுதான் பயம்.

கேள்வி: ராட்சசப் பல்லி படத்துக்கு ஆஸ்காரா? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

பதில்: பல்லின்னு சொல்லிட்டீங்க, சரி. 1954ல முதல் காட்ஸில்லா வரும்போது ஹிரோஷிமா முடிஞ்சு ஒன்பதே வருஷம், அந்த வருஷமே பிகினி தீவு அணுகுண்டு சோதனையோட சாம்பல் ஒரு ஜப்பான் மீன்பிடி படகு மேல விழுந்துச்சு, அந்த பயத்துல பொறந்த மிருகம் அது. 2023ல தகாஷி யமசாகி எடுத்த 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' அந்த இடத்துக்கே திரும்பிப் போகுது, விமானத்தோட எதிரி மேல மோதிச் சாகணும்னு அனுப்பி, சாகாம தப்பி வந்த கமிகாஸி பைலட் ஒருத்தன் கதை. டைரக்டரே விஷுவல் எஃபெக்ட்ஸ் மேற்பார்வை, 35 பேர் டீம், ஹாலிவுட் பட்ஜெட்ல டீ செலவுக்குக் காணாத காசு. அதுக்கு விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கார் குடுத்தது தப்பே இல்ல.

கேள்வி: பத்து வயசுப் பையனோட பார்க்க ஒரு பேய்ப்படம் சொல்லுங்க, ராத்திரி அவன் தூங்கவும் செய்யணும். (பொங்கோல் வாசகி)

பதில்: 1985ல வந்த 'மிஸ்டர் வேம்பயர்'. லாம் சிங்-யிங் ஒத்தைப் புருவம் வச்ச சீன தாவோ மத குரு, பொணம் கையை நீட்டிக்கிட்டு குதிச்சு குதிச்சு வரும், மூச்சைப் பிடிச்சுக்கிட்டா நம்ம இருக்கிறது அதுக்குத் தெரியாது, நெத்தியில மஞ்சத்தாள் ஒட்டினா நின்னுடும், பேய்க்கடிக்கு மருந்து வேகவைக்காத புளூட் அரிசி, அதான் பசை மாதிரி ஒட்டுமே அந்த அரிசி. அந்த அரிசியில கடைக்காரன் சாதா அரிசியைக் கலந்து குடுக்கிற இடத்துல உங்க பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். நடுவுல அசடு வழியிற மோகினி சீன் ஒண்ணு ரெண்டு இருக்கு, ரிமோட் உங்க கையில இருக்கட்டும்.