பெரம்பூருக்கு ஒரு ப, பேசின் பிரிட்ஜுக்கு ஒரு ப

வணக்கம் சார்,

எனக்கு 28 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவள். எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். ஆறு வருஷமாக ஒரு மெட்ரிக் பள்ளியில் ஆசிரியை, சம்பளம் 16,000. மண்ணடியில் இருக்கும் ஒரு ஏஜென்ட் மூலமாக சவுதியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை வந்திருக்கிறது. முதல் வருஷ மாணவிகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தர வேண்டும். ஏஜென்ட் ஒன்றேகால் லட்சம் கேட்கிறார். அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார், "அந்த மாதிரி நாட்டுக்குப் பொம்பளப் புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்கிறார். நான் தனியாகப் போகலாமா? அபாயா, அந்த நீள அங்கி, போட்டே ஆக வேண்டுமா? சாமி படம் கொண்டுபோகலாமா? இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் இங்கிலீஷ் வடசென்னை இங்கிலீஷ். அங்கே வெள்ளைக்காரர்களும் வேலை பார்க்கிறார்களாம். அவர்கள் நடுவில் போய் மானம் போகுமோ என்று பயமாக இருக்கிறது. பெயரைப் போட வேண்டாம் சார்.

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பழைய டைரிகளை எடைக்குப் போடலாமா என்று எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2008-இலிருந்து மூன்று வருஷம் கசீம் மாகாணத்தில் ஒரு சின்ன ஊரில் நீங்கள் செய்யப்போகும் அதே வேலையைச் செய்தவன் நான். பையன்கள் கல்லூரி. கடிதத்தைப் படித்துவிட்டு டைரிகளைத் திரும்பப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். சாமி படம்: வீட்டுக்குள் நீங்கள் கும்பிடுவது உங்கள் பாடு. வெளியே வேறு மத வழிபாட்டுக்கு அங்கே இடமில்லை. கோயிலும் இல்லை, சர்ச்சும் இல்லை. அபாயா: கறுப்பு அபாயாதான் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, கண்ணியமான உடை போதும் என்று 2018-இல் பட்டத்து இளவரசரே ஒரு பேட்டியில் சொன்னார். ஆனால் கல்லூரி விதி தனி, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வாங்கி வைப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது, மண்ணடியிலேயே கிடைக்கும்.

ஏஜென்ட் விஷயம் சின்னது இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அவர் பெயர் வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் எடுக்கும் செலவு, இகாமா (அங்கே தங்கும் அனுமதி) கட்டணம், வேலை முடிந்து ஊர் திரும்பும் டிக்கெட் எல்லாம் முதலாளி தலையில் என்று சவுதித் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. அப்புறம் எதற்கு ஒன்றேகால் லட்சம்? கேளுங்கள். அவர் கோபப்பட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அம்மா. "அந்த மாதிரி நாடு" என்று அவர் சொன்னதை நீங்களும் மறுக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எந்த ஊர்க்காரர்? சின்ன வயதில் ராத்திரி தூக்கத்தில் அலறியிருந்தால் உங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலில் ஓதி ஊத நின்றவரும் இதே அம்மாவாகத்தான் இருப்பார். நம் ஏரியாவில் அப்படி நிற்காத அம்மா யார்? நோன்பு மாதத்தில் தூக்கு எடுத்துக்கொண்டு கஞ்சி வாங்கப் போகாத பிள்ளை யார்? பக்கத்து வீட்டு பாய் என்றால் பயம் இல்லை, அதே பாய் ஒரு நாட்டை ஆண்டால் பயமா?

எழுதி முடித்த பிறகு தோன்றுகிறது, இது பாதிதான் சரி. பக்கத்து வீட்டு பாய் வேறு, ஒரு அரசாங்கம் வேறு. நான் இருந்தபோது தொழுகை நேரத்தில் கடை ஷட்டரை இறக்கியே ஆக வேண்டும், மதக் காவலர்கள் ஜீப்பில் வருவார்கள். 2016-இல் அவர்களுடைய கைது செய்யும் அதிகாரத்தைப் பிடுங்கினார்கள். 2018 ஜூனில் பெண்கள் வண்டி ஓட்டலாம் என்று ஆனது. ஆனால் அதற்காகக் குரல் கொடுத்த லூஜைன் அல் ஹத்லூல் போன்ற பெண்களை அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், மே மாதம், பிடித்து உள்ளே போட்டார்கள். கொடுப்பதை நாங்கள்தான் கொடுப்போம், நீ கேட்டு வாங்கினாய் என்று இருக்கக் கூடாது. அந்த ஊரின் கணக்கு அது. அங்கே இருக்கும்வரை ஃபேஸ்புக்கில் ராஜாவைப் பற்றியும் எழுத வேண்டாம், மதத்தைப் பற்றியும் எழுத வேண்டாம். தனியாகப் போகலாமா என்றால், போகலாம். போகிறார்கள். கல்லூரியே தங்குமிடம் தருகிறதா, எத்தனை பேர் ஒரு வீட்டில் என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

என்னைக் கோபப்படுத்தியது இதெல்லாம் இல்லை. கடைசியில் வெட்கப்பட்டு எழுதிய அந்த ஒரு வரி. "என் இங்கிலீஷ் வடசென்னை இங்கிலீஷ்." ஆறு வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திய டீச்சர் எழுதுகிற வரியா இது?

நானும் அதே வெட்கத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன், அதனால் சொல்கிறேன். பக்கத்து வகுப்பில் ஒரு வெள்ளைக்காரர். படித்தது வேளாண்மை. நல்ல மனிதர், பேரீச்சம்பழம் வந்தால் பாதியை எனக்குத் தருவார். சம்பளத்தில் அப்படிப் பங்கு இல்லை, என்னுடையது அவருடையதில் பாதிகூட வராது. விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள், 'நேட்டிவ் ஸ்பீக்கர்' மட்டும் என்று. அது பேச்சைப் பற்றியது என்று நினைக்காதீர்கள், பாஸ்போர்ட்டைப் பற்றியது. அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. பெரும்பாலும் இந்த ஏழு நாட்டுப் பட்டியல்தான்.

அரபியில் 'ப்' ஒலி கிடையாது, 'b' மட்டும்தான். பையன்கள் 'பார்க்' என்பதை நாய் குரைக்கிற 'bark' போலச் சொல்வார்கள். பாருங்கள், இதைத் தமிழில் எழுத வேண்டும் என்றால் எனக்கே ஆங்கில எழுத்தைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே ப. புத்தகத்தில் ஒரு வழி போட்டிருந்தது: வாய்க்கு எதிரே மெல்லிய காகிதத்தைப் பிடி, 'பென்' என்று சொல், காற்றில் காகிதம் ஆடினால் சரியான ஒலி. நானும் நாற்பது பையன்கள் முன்னால் டிஷ்யூ பேப்பரைப் பிடித்துக்கொண்டு "பென்" என்றேன். ஆடவில்லை. இன்னொரு தரம். ஆடவில்லை. முன் பெஞ்சுப் பையன் எழுந்து, "டீச்சர், நீங்களும் எங்களை மாதிரிதான்" என்றான். வகுப்பே சிரித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரரின் காகிதம் பட்டம்போல ஆடியிருக்கும்.

நீங்கள் பயப்படுகிற மானம் அன்றைக்குப் போனது. போனதும் ஒன்றும் ஆகவில்லை. ராத்திரி அறையில் கண்ணாடி முன் உட்கார்ந்து காகிதத்தைப் பிடித்து நம் ரயில்வே ஸ்டேஷன்களைச் சொல்லிப் பழகினேன். சென்ட்ரலில் ஏறினால் முதலில் பேசின் பிரிட்ஜ், அப்புறம் வியாசர்பாடி ஜீவா, அப்புறம் பெரம்பூர். பேசின் பிரிட்ஜுக்கும் ப, பெரம்பூருக்கும் ப. போர்டில் தமிழ் எழுத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் எந்தப் பிள்ளையாவது 'pa'வைப் போட்டு பேசின் பிரிட்ஜைச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? எழுத்து காட்டிக்கொடுக்காததைக் காதால் பிடித்து வளர்ந்த ஆட்கள் நாம். நமக்குக் குறைவது அந்த வார்த்தை தொடக்கத்து மூச்சு மட்டும்தான். உதட்டை மூடு, மூச்சை அடக்கு, திறக்கும்போது ஊது. இதை மறுநாள் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தேன், நேற்று ராத்திரிதான் நானே கற்றேன் என்றும் சொன்னேன். வெள்ளைக்காரருக்கு உதடு எப்போது மூடுகிறது என்று தெரியாது. மூன்று வயதில் வந்ததை அவர் எப்படி விளக்குவார்?

அதற்குப் பிறகு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். நான் ஒரு 'p' கொடுத்தால் அவர்கள் எனக்கு 'அலி'யில் தொண்டைக்குள்ளிருந்து வருகிற அந்த அரபி அகரத்தைக் கற்றுத்தருவது. மூன்று வருஷத்திலும் எனக்கு அது வரவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு 'p' வந்துவிட்டது.

இன்னொன்று. "அவர் டாக்டர்" என்று தமிழில் சொன்னால் வாக்கியம் முடிந்துவிட்டது. அரபியிலும் அப்படியே, "அன முதர்ரிஸ்" என்றால் 'நான் ஆசிரியர்'. நடுவில் 'இஸ்', 'ஆம்' எதுவும் இல்லை. அதனால் பையன்கள் "ஐ டீச்சர்", "ஹி டாக்டர்" என்றே எழுதுவார்கள். ஏன் 'இஸ்' வேண்டும் என்று ஒருவன் கேட்டதற்கு வெள்ளைக்காரர், "நாங்கள் அப்படித்தான் சொல்வோம்" என்றாராம். நான் என்ன செய்தேன் என்றால், எங்கள் பாஷையிலும் அது கிடையாது, ஆறாம் வகுப்பில் எனக்கும் அதற்காகக் கையில் அடி விழுந்தது என்றேன். அப்புறம் நேற்று என்று போட்டால் உன் அரபியிலும் 'கான' வருகிறது அல்லவா, எங்களுக்கும் 'இருந்தார்' வருகிறது, இங்கிலீஷ்காரன் இன்றைக்கும் அதை விடமாட்டான், அவ்வளவுதான் என்றேன். நம் தெருவில் 'இஸ்கூலு' என்பதைப் போல அங்கே சில பையன்கள் 'ஸ்ட்ரீட்'டை 'இஸ்ட்ரீட்' என்பார்கள். இந்தத் தப்புகளின் வீட்டு விலாசம் உங்களுக்குத் தெரியும் டீச்சர். நீங்கள் அந்தத் தெருவில் குடியிருந்தவர். சம்பளம் பேசும்போது இதை நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள், குனிந்துகொண்டு பேசாதீர்கள்.

வடசென்னை இங்கிலீஷ் என்றீர்களே, வடசென்னைத் தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் நைனா வக்கீல் குமாஸ்தா. வண்ணாரப்பேட்டையிலிருந்து தங்கசாலைத் தெரு வழியாக ஹைகோர்ட்டுக்கு நடந்தே போவார், கக்கத்தில் கட்டு இருக்கும். வீட்டில் எங்களுக்குச் சோறு போட்ட வார்த்தைகள் வக்கீல், ஜாமீன், ஜப்தி, வசூல், ரத்து, அசல், பாக்கி. இதெல்லாம் கோர்ட் தமிழ் என்றுதான் நினைத்திருந்தேன்.

முதல் நாள் வகுப்பில் பேர் வாசிக்கிறேன். முதல் பெயர் அமீன். கூப்பிட்டேன். "ஹாதிர்" என்றான். எனக்கு ஒரு நிமிஷம் கை ஓடவில்லை. அது நம் 'ஆஜர்'. அரபியிலிருந்து பார்சி, உருது வழியாக ஹாஜிர் ஆகி, கோர்ட் கச்சேரியில் நுழைந்து, டவாலி வாயில் ஆஜர் ஆன வார்த்தை. அமீன் என்றால் அங்கே நம்பிக்கைக்கு உரியவன். எங்கள் வீட்டில் 'அமீனா' என்றால் ஜப்திக்கு வந்து பாத்திரத்தை வெளியே வைக்கிறவர். அந்தப் பையன் பாவம், இந்த ஆசிரியர் ஏன் நம்மைப் பார்த்து முழிக்கிறார் என்று நினைத்திருப்பான்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. பகாலாவில், அதாவது மளிகைக் கடையில், மீதிச் சில்லறையைக் கொடுத்து 'பாகி' என்றார்கள். 'வக்கீல்' ஏஜென்சிக்காரரானார். வீட்டுப்பாடம் எங்கே என்று கேட்டால் "புக்ரா, இன்ஷா அல்லா", நாளைக்கு, கடவுள் விட்டால். 'வஅத்' என்று சத்தியமும் செய்வார்கள். வாக்குறுதி என்று அர்த்தம். அதன் உறவுக்கார வார்த்தைதான் நம் கோர்ட்டில் 'வாய்தா' ஆகி, தள்ளிப்போடுவது என்று ஆகிவிட்டது. எந்தப் புண்ணியவான் அர்த்தத்தை மாற்றினானோ, அனுபவப்பட்டவன்.

அந்த வெள்ளிக்கிழமை டெலிபோன் கார்டு வாங்கி நைனாவைக் கூப்பிட்டேன். எட்டாவது படித்தவர், கடல் தாண்டாதவர். நான் போவதில் இஷ்டமே இல்லாமல், ஏர்போர்ட்டுக்கும் வராமல் இருந்தவர். "நைனா, இங்க பசங்க ஆஜர்னுதான் சொல்றானுங்க" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அப்போ வாய்தாகூட இருக்குமே?" என்றார்.

"தெனம் வாங்குறானுங்க நைனா."

அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு வாராவாரம் ஒரு வார்த்தை கொடுப்பார், ஜாமீன் இருக்கா பாரு, ரத்து இருக்கா பாரு என்று. நான் வகுப்பில் விசாரித்துச் சொல்ல வேண்டும். பையன்களுக்கும் அது பழகிவிட்டது. "உங்கள் அப்பா இந்த வாரம் என்ன கேட்டார்?" என்பார்கள், இங்கிலீஷில். 'ஃபாதர்' என்ற வார்த்தையோடு 'இஸ்' சேர்த்து முதல் தடவை சரியாகக் கேள்வி கேட்டவன் அந்த அமீன்தான். "டீச்சர், ஹவ் இஸ் யுவர் ஃபாதர்?"

உங்கள் கேள்வியிலிருந்து எங்கேயோ போய்விட்டேன். அம்மாவுக்கு நான் எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. போய்ச் சேர்ந்து முதல் வாரம் கூப்பிடும்போது அவருக்குத் தெரிந்த வார்த்தை ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஏஜென்ட் கொடுத்த ஒப்பந்தத்தில் இங்கிலீஷ் ஒரு பக்கமும் அரபி ஒரு பக்கமும் இருக்கும். இரண்டும் மாறினால் அங்கே செல்லுவது அரபிதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் மண்ணடியில் அரபி தெரிந்த ஒருவரிடம் அந்தப் பக்கத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பெயர், சம்பளம், வேலை நேரம், தங்குமிடம். ஆள் கிடைக்காவிட்டால் நகலை எனக்கு அனுப்புங்கள். என் பழைய மாணவன் ஒருவன் இப்போது அங்கே வக்கீலாக இருக்கிறான், நம் அர்த்தத்திலேயே.