சென்னையில் மார்கழி முடிந்துவிட்டால், கோடை விடுமுறையில் நேரடிக் கச்சேரி கேட்க எங்கே போகலாம்?

உங்கள் மகள் இரண்டு ஆண்டுகளாக வாய்ப்பாட்டு கற்கிறாள், டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு குறுக்கே வருவதால் சபாக்களுக்கு அழைத்துச் செல்ல முடியவில்லை, கோடை விடுமுறையில் அப்படி ஏதேனும் நடக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நடக்கிறது. ஆனால் அதற்கு நீங்கள் பெங்களூருக்கு வரவேண்டும். இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரன் என்ற முறையில், இங்கே ராமநவமியை ஒட்டி ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கும் பந்தல் கச்சேரிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். சென்னையை விட்டு நகரவே முடியாது என்றால், பங்குனித் திருவிழாவின்போது மயிலை மாடவீதியில் சுவாமி புறப்பாட்டின் முன்னால் நாகசுரக்காரர்கள் மல்லாரி என்னும் புறப்பாட்டு இசையை வாசிக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் மகளை நிற்க வையுங்கள். அதற்கு நிகரான பாடம் வேறு கிடைப்பது அரிது. ஆனால் உங்கள் கேள்வி கச்சேரியைப் பற்றியது என்பதால் பெங்களூருக்கே வருகிறேன்.

கோடையில் திறந்தவெளியில் கச்சேரியா என்று சென்னைக்காரர்கள் வியப்பது இயல்புதான். சென்னை தன் இசைப் பருவத்தை மார்கழியில் வைத்துக்கொண்டதற்கு 1927ஆம் ஆண்டு டிசம்பரில் அங்கே நடந்த காங்கிரஸ் மாநாடும் அதை ஒட்டிய இசை மாநாடும் காரணம் என்றாலும், அந்த வழக்கம் இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு அம்மாதத்தின் குளிர்ச்சியும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சித்திரையிலும் சூரியன் மறைந்த பிறகு மேல்துண்டை எடுத்து விசிறிக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்க முடிகிறது. இந்த நிலை மாறிக்கொண்டு வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2016 ஏப்ரலில் இங்கே வெப்பம் 39.2 டிகிரியைத் தொட்டது. ஆனாலும் மாலை ஆறரை மணிக்குச் சுருதி சேர்க்கும் நேரத்தில் காற்று திரும்பிவிடும். அதோடு, பள்ளிக்கூடங்களுக்கு இங்கே ஏப்ரல், மே மாதங்களில் விடுமுறை. பள்ளி மைதானங்கள் காலியாக இருப்பதும் இந்தக் கச்சேரிகளுக்குக் கிடைத்த ஒரு வசதி என்பது என் எண்ணம்.

தேதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ராமநவமி, சந்திரனை வைத்து நாள் எண்ணும் சாந்திரமானக் கணக்கின்படி, யுகாதியிலிருந்து ஒன்பதாம் நாள் வருவது. நம் தமிழ் மாதத்தோடு அது ஒட்டி வராது. 2024இல் ஏப்ரல் 17 அன்று, அதாவது சித்திரை பிறந்த பிறகு வந்தது. அடுத்த ஆண்டே ஏப்ரல் 6க்கு நகர்ந்து பங்குனிக்குள் போய்விட்டது. நவமிக்கு முந்தைய ஒன்பது நாளைக் கர்ப்போத்சவம் என்றும், நவமி தொடங்கி ஒன்பது நாளை ஜன்மோத்சவம் என்றும் கொண்டாடும் மரபு பழையது. பெங்களூரில் இசை விழா நடத்தும் பெரிய மண்டலிகளோ அதோடு நில்லாமல் மே மாதம் வரை கச்சேரிகளை நீட்டிக்கொண்டு போகின்றன. ஆகவே உங்கள் மகளின் தேர்வு ஏப்ரல் நடுவில் முடிந்தாலும் கவலை இல்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்து நவமி நாளைக் குறித்துக்கொண்டு, அதற்குப் பத்து நாள் கழித்து ரயிலுக்கு முன்பதிவு செய்யுங்கள். அப்போது கூட்டமும் சற்றுத் தணிந்திருக்கும்.

இந்தக் கச்சேரிகளில் பெயர் பெற்றது சாமராஜப்பேட்டை ஸ்ரீ ராமசேவா மண்டலி நடத்துவது. 1939இல் எஸ்.வி.நாராயணசுவாமி ராவ் தொடங்கியது அது. கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் பெரிய பந்தல் போடுவார்கள். ஆட்டோக்காரரிடம் ‘ஃபோர்ட் ஹைஸ்கூல்’ என்றால் போதும். மெட்ரோவில் வருவதானால் மெஜஸ்டிக்கிலிருந்து பச்சை வழித்தடத்தில் இரண்டாவது நிலையமான கே.ஆர்.மார்க்கெட்டில் இறங்கி நடந்துவிடலாம். பக்கத்திலேயே திப்பு சுல்தானின் கோடைக்கால அரண்மனை இருக்கிறது. ஹைதர் அலி தொடங்கி 1791இல் திப்பு முடித்த அந்தத் தேக்கு மரத் தூண்களை மாலை நாலு மணிக்குப் பார்த்துவிட்டு வந்தால் கச்சேரிக்கு நேரம் சரியாக இருக்கும். எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடிய மேடை, யேசுதாஸ் பாடும் நாளில் கூட்டம் பந்தலுக்கு வெளியே வழிந்த மேடை என்றெல்லாம் பழைய ரசிகர்கள் உங்களிடம் சொல்வார்கள். சொல்லட்டும், அவர்கள் சொல்வது உண்மைதான். ஆயினும் பெரிய பெயர்களைத் துரத்திக்கொண்டு வர வேண்டாம் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் முதன்முதலில் இந்தப் பந்தலுக்குள் நுழைந்தது தற்செயலாகத்தான். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவுக்காக மார்க்கெட்டில் வாழைப்பூ தேடி அலைந்துவிட்டு, பையும் கையுமாகத் திரும்பும்போது தம்புரா ஒலி கேட்டது. சாலையில் பேருந்துகளின் இரைச்சல், பூக்காரர்களின் கூவல், இவற்றுக்கு நடுவே யாரோ முகாரி ராகத்தை மெல்ல எடுத்துக்கொண்டிருந்தார். முதல் பத்து நிமிடம் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. இவ்வளவு சத்தத்தில் எப்படிக் கேட்பது என்று தோன்றியது. பிறகு என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. பேருந்துச் சத்தம் இருந்துகொண்டே இருந்தது, ஆனால் காது அதை ஒதுக்கிவிட்டுக் குரலை மட்டும் எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டது. அம்மாதான் வீட்டுக்குப் போனதும் சொன்னாள்: ‘நம்ம ஊர்க் கோயில்ல இப்படித்தானேடா கேட்டோம், ஏசி ஹாலிலயா கேட்டோம்?’ குளிரூட்டிய அரங்கில் அமைதி ஏற்கெனவே இருக்கிறது. பாடகர் அதை நிரப்பினால் போதும். பந்தலிலோ பாடகர்தான் அந்த அமைதியை உண்டாக்க வேண்டியிருக்கிறது. வளரும் பிள்ளைகள் பார்க்க வேண்டியது இதைத்தான் என்று நான் நினைக்கிறேன். பாடகர் முதல் அரை மணியில் வர்ணத்தையும் விறுவிறுப்பான ஒரு கீர்த்தனையையும் போட்டுக் கூட்டத்தைப் பிடித்து வைப்பதும், பிடித்த பிறகு மெதுவாக விளம்ப காலத்துக்கு இறங்குவதும் பந்தலில் கண்ணெதிரே தெரியும். பெரிய நட்சத்திரத்திற்கு இந்தப் பாடு கிடையாது, ஏனென்றால் அவர் வந்து உட்காரும்போதே கூட்டம் அடங்கிவிடுகிறது. இளையவர்களும் நடுத்தரப் புகழ் உள்ளவர்களும் பாடும் வாரநாள் மாலைகளில்தான் அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள முடியும்.

இன்னொரு லாபமும் உண்டு. ராமநவமி என்பதால் பெரும்பாலோர் ராமனைப் பற்றிய உருப்படிகளையே தேர்ந்தெடுக்கிறார்கள். தியாகராஜர் தம் வாழ்நாளை ராமனைப் பாடியே கழித்தவர் ஆகையால் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் நாலைந்து நாள் தொடர்ந்து கேட்டால் ஒரே கீர்த்தனை இரண்டு மூன்று பேரிடம் வரத்தான் செய்யும். சென்னையில் இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. கற்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? ஒருவர் சரணத்தில் ஒரே வரியைப் பலவிதமாக விரித்து நிரவல் செய்கிறார், இன்னொருவர் அதே கீர்த்தனையின் பல்லவியிலேயே அந்த வரியின் சிறு மாற்றங்களான சங்கதிகளை அடுக்கிவிட்டு மேலே போய்விடுகிறார், மூன்றாமவர் தாமே கற்பனை செய்து பாடும் கல்பனா ஸ்வரத்தைக் குறைத்துக்கொண்டு மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்துக்கு இடம் விடுகிறார். ராமாயணம் முழுவதையும் காண்டம் காண்டமாகச் சொல்லும் சுவாதித் திருநாளின் கீர்த்தனை ஒன்று இந்த மாதத்தில் அடிக்கடி பாடப்படும். முதலில் சாவேரி ராகத்தில் மட்டும் இருந்த அதை ராகமாலிகையாக மாற்றி அமைத்தவர் செம்மங்குடி சீனிவாச ஐயர். சாவேரியில் தொடங்கி நாட்டைக்குறிஞ்சி, தன்யாசி, மோகனம், முகாரி, பூர்விகல்யாணி வழியாக மத்தியமாவதிக்கு வந்து சேரும் அந்த வரிசையை உங்கள் மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்; ராகம் மாறும் இடத்தை அவளே கண்டுபிடித்துக்கொண்டால் அந்தச் சந்தோஷம் வேறு.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பந்தலில் கன்னடம், தெலுங்கு, தமிழ் பேசுகிறவர்கள் கலந்தே உட்கார்ந்திருப்பார்கள். கச்சேரியின் பின்பகுதியில் புரந்தரதாசரின் தேவர்நாமா என்னும் கன்னடப் பக்திப் பாடலுக்காக மக்கள் காத்திருப்பதைப் பார்ப்பீர்கள். நம் ஊரில் விருத்தத்துக்கும் திருப்புகழுக்கும் காத்திருப்பதைப் போலத்தான். தாளம் இல்லாமல் பாடும் உகாபோகத்தில் தொடங்கி அப்படியே தேவர்நாமாவுக்குள் இறங்கும்போது, கன்னடம் தெரியாத எனக்கே பக்கத்திலிருந்த பாட்டியின் முணுமுணுப்பிலிருந்து பாதி சொற்கள் பிடிபட்டன. சீர்காழி அருணாசலக் கவிராயரின் ராமநாடகக் கீர்த்தனைகளையும் இங்கே கேட்டிருக்கிறேன். அப்போது எந்த வரிசையில் தமிழர் இருக்கிறார்கள் என்பது தலையாட்டலிலேயே தெரிந்துவிடும்.

சாப்பாட்டைச் சொல்லாவிட்டால் பெங்களூர்க்காரர்கள் என்னை மன்னிக்க மாட்டார்கள். ராமநவமியன்று ஊர் முழுவதும் தெருமுனைகளில் பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் கொடுப்பார்கள். கோசம்பரி என்பது நம் வீட்டில் கோசுமல்லி என்று சொல்வதேதான்: ஊறவைத்த பயத்தம்பருப்பில் வெள்ளரிக்காயும் தேங்காய்த் துருவலும் கொத்தமல்லியும் சேர்த்து எலுமிச்சை பிழிந்து கடுகு தாளித்தது. வெல்லமும் சுக்கும் ஏலமும் கலந்த பானகத்தை வெயில் காலத்து நைவேத்தியமாக வைத்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள். குழந்தைகளுக்குக் கச்சேரியைவிட இதுவே முதல் ஈர்ப்பாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரிய பந்தலோடு நின்றுவிடாமல், மல்லேசுவரம், சேஷாத்ரிபுரம், பசவனகுடி, ஜெயநகர் போன்ற பகுதிகளில் நடக்கும் சிறு கச்சேரிகளுக்கும் ஒருநாள் ஒதுக்குங்கள். பெரிய மேடைகளில் நுழைவுச்சீட்டு உண்டு. சிறியவற்றில் பெரும்பாலும் இலவசம்தான், வாசலில் உண்டியல் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு சிறு பந்தலில், மொத்தம் அறுபது பேர்கூட இருக்கமாட்டோம், மாம்பழ மழை என்று இங்கே சொல்லும் கோடை மழை இடியோடு பிடித்துக்கொண்டது. மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் வாடகைக்குத் தருவதாகச் சொன்னவர் அதைக் கொண்டுவரவே இல்லை என்று அமைப்பாளர் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். பாடியவர் நிறுத்திவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மிருதங்கக்காரர் மட்டும், தகரக் கூரையில் விழும் மழையோடு போட்டி போட வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, மிக மெதுவாக மிஸ்ர சாபு தாளத்தில் வாசிக்கத் தொடங்கினார். நாங்கள் நாற்காலிகளை இழுத்துக்கொண்டு மேடையின் விளிம்பு வரை நகர்ந்தோம். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் மீட்டொலியும் இடப்பக்கமான தொப்பியின் கும்காரமும் ஒலிபெருக்கி இல்லாமல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பல பந்தல்களில் ஒலிபெருக்கியின் சத்தத்தை அளவுக்கு மீறி உயர்த்திவைப்பது என் நெடுநாள் மனக்குறை. அன்று ஒருநாள் அது தீர்ந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, இரைச்சலும் கொசுவும் மழையும் எதற்கு, நல்ல அரங்கில் கேட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கலாம்தான். மல்லேசுவரத்தில் வயலின் வடிவில் கட்டிய சௌடையா நினைவு அரங்கம் இருக்கிறது. ஏழு தந்தி வயலின் வாசித்த மைசூர் சௌடையாவின் பெயரால் அமைந்தது, குழந்தைகளுக்கு வெளியிலிருந்து காட்டுவதற்கே போகலாம். கே.ஆர்.சாலையில் 1905இல் தொடங்கிய பெங்களூரு கான சமாஜம் இருக்கிறது. அரங்கங்களில் ஆண்டு முழுவதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். கோடையில் வரமுடியாமல் போனால், ஆகஸ்ட், செப்டம்பரில் பிள்ளையார் சதுர்த்தியை ஒட்டியும் பந்தல் கச்சேரிகள் நடக்கின்றன; ஆனால் அங்கே சினிமா மெல்லிசையும் பெருமளவில் கலந்திருக்கும், பள்ளியும் திறந்திருக்கும்.

வருவதாக முடிவு செய்தால் மூன்று மாலைகளுக்குத் திட்டமிடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முதல் நாள் பெரிய பந்தல், இரண்டாம் நாள் ஓய்வு அல்லது லால்பாக், மூன்றாம் நாள் சிறு மண்டலி, நாலாம் நாள் மறுபடியும் பெரிய பந்தல். சென்னையிலிருந்து வந்தே பாரத் வண்டியில் அதிகாலை புறப்பட்டால் முற்பகலிலேயே இறங்கிவிடலாம் என்பதால் முதல் நாள் மாலையே கேட்க முடியும். மெல்லிய சால்வையும் குடையும் கட்டாயம். முன்வரிசையில் ஒலிபெருக்கிக்கு எதிரே உட்காராமல், நடுவில் சற்றுப் பக்கவாட்டில், வயலின்காரரின் கை தெரியும்படி இடம் பிடியுங்கள். ஒன்பது மணிக்கு மேல் மகள் தூங்கி வழிந்தால் எழுந்து போவதற்குத் தயங்காதீர்கள். பந்தலில் யாரும் திரும்பிப் பார்த்து முறைக்க மாட்டார்கள், வழியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் காலை மடக்கிக்கொண்டு, தாளத்தை விடாமலே உங்களுக்கு இடம் விடுவார்.