ஜெபம் வராத நாட்களில்

ஜெபிக்க வார்த்தை வராததால் விசுவாசம் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. வேலை போன நாளிலிருந்து 'கடவுளுக்கு வல்லமை இருக்கிறது, அப்படியானால் அன்பு எங்கே' என்றுதான் கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, அதை அவரிடம்தானே கேட்கிறீர்கள்?

வல்லமை என்றால் உடனே சரிசெய்வது என்று நினைப்பதில்தான் சிக்கல் என்று தோன்றுகிறது. பைபிளில் யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். அப்படியும் கல்லறைக்குப் போகும் வழியில் அழுதார். "எல்லாம் சரியாகிவிடும், அழாதே" என்று லாசருவின் சகோதரி மரியாளிடம் சொல்லவில்லை. (ஆறுதல் சொல்ல வருகிற நம் ஆட்கள் முதலில் சொல்வதே அதைத்தான்!)

இன்று ராத்திரி பைபிளில் சங்கீதம் 13-ஐ வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். ஆறே வசனம். முதல் இரண்டிலேயே 'எதுவரைக்கும்' நான்கு முறை வரும். அங்கேயே நிறுத்தி, உங்களுடைய 'எதுவரைக்கும்' எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். கடைசி வசனத்தின் துதி வரவில்லையா, விடுங்கள். சங்கீதம் 88 துதி இல்லாமலேயே முடிகிறது.

ஒன்று மட்டும்: தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ, உடனே டாக்டரைப் பாருங்கள். அதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.