மேஜரை மாற்ற முதல் ஐ-20ஐ எடுத்துப் பாருங்கள்

தம்பி, திருகோணமலையில் மற்ஸ் படித்துவிட்டு அமெரிக்காவுக்கு வந்து இப்போது கணினிப் பொறியியலில் இரண்டாம் வருடம், மனம் பிசினஸ் பக்கம் போகிறது, மேஜரையே, அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடத்தையே மாற்றுவதா இல்லை பிசினஸ் மைனர் (துணைப் பாடம்) ஒன்றைச் சேர்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு மைனர் போதும், மேஜரில் கை வைக்காதீர்கள் என்பதுதான் என் எண்ணம்.

ஐ-20 என்பது மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் உங்களுக்குத் தந்த பத்திரம். அதன் முதல் பக்கத்தில் உங்கள் மேஜரின் பெயரும் பக்கத்திலேயே 14.0901 மாதிரி அந்தப் பாடத்துறைக்கான ஓர் இலக்கமும் இருக்கும். கூடப் படிக்கும் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் உங்களுக்கு அதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. படித்து முடித்தபின் ஓபிடி என்ற தற்காலிக வேலை அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம், அது எந்த மேஜருக்கும் உண்டு. அதற்கு மேல் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு அமெரிக்க அரசின் ஸ்டெம் (விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள மேஜருக்கு மட்டும்தான், பொதுவான பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் (52.0201) அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது இன்றைக்கு மாறினால் உங்கள் மூன்று வருடம் ஒரு வருடமாகிவிடும். மைனர் சேர்ப்பதால் அந்த இலக்கம் மாறாது. ஆனால் ஓபிடி வேலை மேஜரோடு நேரடியாகத் தொடர்புள்ளதாக இருக்கவேண்டும், மைனரைக் காட்டி மார்க்கெட்டிங் வேலைக்குப் போக முடியாது, அதையும் இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொறியியல் உண்மையிலேயே ஒத்துவரவில்லை என்றால் அது வேறு கதை, அப்போதும் நேரே பிசினஸில் போய் இறங்க வேண்டியதில்லை. தரவுகளை வைத்து வியாபாரத்தை ஆராயும் பிசினஸ் அனலிட்டிக்ஸை 2022இல் ஸ்டெம் பட்டியலில் சேர்த்தார்கள். பொருளியலில் பொதுப் பொருளியல் பட்டியலில் இல்லை, எகொனொமெட்ரிக்ஸ் (புள்ளிவிவரம் சார்ந்த பொருளியல்) என்று வருவது இருக்கிறது, ஒரே டிப்பார்ட்மெண்டிலேயே இரண்டும் இருக்கலாம். அதனால் பாடத்தின் பெயரை மட்டும் நம்பாமல், எந்த இலக்கத்தில் பதிவாகும் என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் ஈமெயிலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். மேஜர் மாறினால் ஐ-20ஐப் புதுப்பிப்பதும் அவர்கள்தான். படிப்பு நீளும் என்றால் ஐ-20 முடிகிற தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கேட்கவேண்டும், மேஜர் மாற்றம் அதற்கு ஏற்கப்படும் காரணங்களில் ஒன்று. ஸ்கொலர்ஷிப் இருந்தால் அது எத்தனை செமஸ்டருக்கு என்று கடிதத்தைப் பாருங்கள், கூடுதல் செமஸ்டருக்கான ஃபீஸை அப்பாதான் ரூபாயில் தேட வேண்டிவரும்.

ஊரில் ஏ.எல்லுக்கு (உயர்தரப் பரீட்சை) மற்ஸ் எடுத்த பிள்ளை கொமர்ஸுக்கு மாறினால் படிப்பு ஏறவில்லை என்று உறவுக்காரர் எல்லாம் முடிவு கட்டிவிடுவார்கள், அந்தப் பயம் உங்கள் கடிதத்திலும் தெரிந்தது. அதை விட்டுவிடுங்கள். இங்கே இரண்டாம் வருடத்தில் மாறுவது சாதாரண விஷயம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். விசாவும் காசும் மட்டும்தான் நான் தயங்குகிற காரணம்.

மைனர் என்றால் பெரும்பாலும் 15 முதல் 18 கிரெடிட், ஐந்தாறு பாடங்கள். பொறியியலில் விருப்பப் பாடத்துக்கு இடம் குறைவு, ஆகவே ஏற்கெனவே எடுத்ததில் எது மைனருக்கும் கணக்காகும் என்று அட்வைசரிடம் கேளுங்கள். மைனர் என்று எழுதிக் கொடுக்கும் முன் அடுத்த செமஸ்டரில் அக்கவுண்டிங் ஒன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். மார்க்கெட்டிங் எல்லோருக்கும் பிடிக்கும், அக்கவுண்டிங்கில்தான் ஆசை எவ்வளவு உறுதி என்று தெரியும். உப்புவெளியில் அப்பாவின் கெஸ்ட் ஹவுஸைப் பெரிதாக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. திருகோணமலைக் கடற்கரைப் பக்கம் சுற்றுலா சீசன் மே தொடங்கி செப்டெம்பர் வரைதான். அந்த ஐந்து மாத வருமானத்தில் மாரிகாலத்துச் சம்பளம், கரண்ட் பில், பெயிண்ட் வேலை எல்லாம் ஓடவேண்டும், வங்கிக் கடனும் மாதாமாதம் கட்டவேண்டும். கையில் காசு எந்த மாதம் முடியும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்தான் அங்கே தாக்குப்பிடிப்பார், அதை அந்த ஒரு பாடத்திலேயே தொடங்கிவிடலாம்.

அப்பாவிடம் இப்போதைக்கு ஒரு அக்கவுண்டிங் பாடம் எடுக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், அது உண்மையும்கூட. விசாவுக்காக, செமஸ்டருக்கு 12 கிரெடிட்டுக்குக் கீழே மட்டும் போகாதீர்கள். இதுவரை எடுத்த பாடங்களின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள், எதை எங்கே பொருத்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.