காலையில சட்டையை போட்டுட்டு எங்க போறது?

வணக்கம் சார். போன மே மாசம் ரிட்டயர் ஆனேன், 34 வருஷம் கணக்கு வாத்தியார். முதல் ரெண்டு மாசம் நல்லா போச்சு, மக வீட்டுக்கு பெங்களூர் போனோம், வேளாங்கண்ணி போனோம். இப்போ காலையில 8 மணிக்கு சட்டையை போட்டுட்டு எங்க போறதுன்னு தெரியாம திண்ணையில இருக்கேன். பென்ஷன் வருது, பணக்கஷ்டம் இல்ல. வீட்டுல அவளுக்கும் நான் இடைஞ்சலா இருக்கேன்னு தோணுது. நிலையான சந்தோஷத்துக்கு வழி உண்டா?
- வாசகர், தக்கலை

அன்புள்ள சாருக்கு,

உங்க லெட்டரை நாலு தடவ வாசிச்சேன், அந்த 8 மணி சட்டை மனசை விட்டு போகவே இல்ல. எங்க பெரியப்பா பஸ் கண்டக்டர். ரிட்டயர் ஆன முதல் வருஷம் தினமும் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுல போயி நின்னு எந்த வண்டி எத்தன நிமிஷம் லேட்டுன்னு பாத்துட்டு வருவாங்க, வீட்டுல ஒரு வார்த்த பேச மாட்டாங்க. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு தேன்பெட்டி கொண்டு வந்து குடுத்தாரு. ரப்பர் மரத்துல தேன் பூவுல இல்ல, தளிர் இலைக் காம்புலதான் சுரக்கும், இலை உதிர்ந்து தளிர் விட்டதும் மாசியும் பங்குனியும் ஓயாத வேலை, ஆனா ஆனி ஆடி மழையில வெளிய ஒண்ணும் கிடைக்காது, அப்போ சீனிப்பாகு காய்ச்சி வைக்கணும், எறும்பு ஏறாம ஸ்டாண்டு காலுக்கு அடியில சிரட்டையில தண்ணி ஊத்தணும், கவனிக்காம விட்டா தேனீ மொத்தமா பறந்து போயிரும். பெரியப்பாவை மாத்தினது தேன் இல்ல சார், நாம போகலன்னா அங்க ஒண்ணு கெட்டுப்போகும்ங்கிற நெனப்பு. அந்த பெட்டி வழியா ரப்பர் பால்வெட்டுக்காரங்களும் தேன் எடுக்கிறவங்களும் கூட்டுக்காரங்க ஆனாங்க.

உங்களுக்கு இல்லாம போனதும் வேலை இல்லன்னுதான் நெனைக்கேன், வரலன்னா "சார் எங்க?"ன்னு கேக்க ஆளு இல்லாம போச்சு. அமெரிக்காவுல ஹார்வர்டு யுனிவர்சிட்டியில 1938-ல இருந்து 724 பேரை வாழ்க்கை முழுக்க தொடர்ந்து பாத்தாங்களே, அதுலயும் ரிட்டயர்மென்ட்டுல சந்தோஷமா இருந்தவங்க கூட வேலை பாத்தவங்களுக்கு பதிலா புதுக்கூட்டாளிகளை தேடிப் போயி பிடிச்சவங்கதான். அவங்களா வரட்டும்னு திண்ணையில இருந்தா வரமாட்டாங்க சார்.

அந்த திண்ணையிலயே சாயங்காலம் ஆறு மணிக்கு அல்ஜீப்ரான்னாலே பயப்படுத ரெண்டு ஒம்பதாம் கிளாஸ் பிள்ளைய வரச் சொல்லுங்க. ட்யூஷன் சென்டர் ஆக்கிராதீங்க, ரெண்டு பிள்ள போதும். காலையில உங்க கூட ரிட்டயர் ஆன ஒருத்தரை கூட்டிட்டு பத்மநாபபுரம் கோட்டைக்குள்ள ஒரு சுத்து நடங்க, ஆளு காத்து நிப்பாருன்னா மழையிலயும் குடையை எடுத்துட்டு போவீங்க.

அப்புறம் வீட்டம்மா விஷயம். அவங்களுக்கு ரிட்டயர்மென்ட் எப்போன்னு கேட்டிருக்கீங்களா? அடுக்களையில போயி யோசனை சொல்லாம ஒரு வேலைய முழுசா கையில எடுங்க. மீன் வாங்குதது, அத வெட்டிக் கழுவுதது வரைக்கும் உங்க பொறுப்பு. முதல் வாரம் சாளை பழசா வாங்கி வருவீங்க, ஏசுவாங்க, பரவால்ல, விடாதீங்க.

மாசி மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை அவங்களையும் கூட்டிட்டு மார்த்தாண்டம் வாங்க. பெரியப்பாவுக்கு இப்போ 78, காலையில ஏழு மணிக்கு பெட்டி திறப்பாங்க, லேட்டா வந்தா காத்திருக்க மாட்டாங்க.